இரண்டு பூட்டு ஜனாதிபதி

1974-ஆம் வருஷம், நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிஷம். செங்கல்பட்டில் தூறல். மேற்கே மட்டும் ஒரு முழம் வெளிச்சம். அந்த நேரத்தில், ஒரு ஜனாதிபதியைப் பதவியிலிருந்து இறக்குவதற்காக எட்டுப் பேர் ஓர் எவர்சில்வர் சொம்பைச் சுற்றி உட்கார்ந்தோம். எட்டுப் பேரும் மூன்று நாளாகச் சோற்றைக் கண்ணால் பார்க்காதவர்கள்.

அரசியல் சட்டத்தை இவ்வளவு மதித்து, அதனாலேயே இத்தனை வயிற்றைக் காயப்போட்ட மனிதரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. டில்லியிலிருந்து மாநில ஆட்சியைக் கலைப்பார்களே, அந்த ஜனாதிபதி ஆட்சியை நான் சொல்லவில்லை. ஜனங்கள் ஓட்டுப் போட்டு ஒரே ஆளிடம் ஆட்சியை ஒப்படைத்துவிட்டு, கெடு முடியும்வரை வாயை மூடிக்கொண்டு இருப்பது என்று ஒரு முறை உண்டல்லவா, அது. இந்த நாட்டில் அதை அமல்படுத்திய ஒரே இடம் எங்கள் மெஸ்தான். நடந்தது நூற்று இருபத்திரண்டு நாள். போதும்.

ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி வீடு. பத்தொன்பது படி. அதில் பதினொன்றாவது ஆடும். மேலே ஒன்பது பிரம்மச்சாரிகள், ஒரு குழாய், ஒரு ஜன்னல். எல்லோரும் ஏதோ ஓர் ஆபீசில் குமாஸ்தாக்கள். எனக்குத் தாலுகாவில் கிணறு எண்ணும் வேலை. அதனால் என்னைக் 'கிணறு சார்' என்பார்கள். சமைக்க எத்திராஜ் என்று ஒருவன், புதுப்பட்டினம் கடலோரக் குப்பத்தைச் சேர்ந்தவன். அந்த ஒன்பதில் ஒருவர்தான் இவர். கோர்ட்டில் நகல் எடுக்கும் பிரிவில் டைப் அடிப்பவர். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அதற்கு உபயோகம் இல்லை. ஊரே அவரை ஜனாதிபதி என்றது.

ஆரம்பத்தில் எங்கள் மெஸ் பார்லிமெண்ட் முறையில்தான் நடந்தது. அப்போது அதற்கு அந்தப் பெயர் தெரியாது. எங்களில் ஒருவன் மேனேஜர். இன்று என்ன சமைப்பது, எத்தனை அப்பளம் பொரிப்பது என்பதெல்லாம் அவன் பாடு. இரவுச் சாப்பாட்டில் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். யாராவது கையைத் தூக்கி 'நம்பிக்கை இல்லை' என்றால் ஓட்டெடுப்பு. ஐந்து கை எழுந்தால் மேனேஜர் அவுட். கடைசிப் பதினான்கு மாதத்தில் மட்டும் பதினோரு மேனேஜர்கள். நான் மூன்றாவது. ஒன்பதாம் நாள் ஒரு ரசத்தில் கவிழ்ந்தேன். தபாலாபீஸ் சுந்தரம் காலைக் காப்பியோடு பதவியேற்று மத்தியானச் சாம்பாரோடு போனான். இரண்டு அப்பளம் அதிகமாகக் கிடைத்ததற்காக ஒருவன் ஒரே வாரத்தில் மூன்று முறை அணி மாறினான்.

ஜனாதிபதி மட்டும் மேனேஜராக நிற்க மாட்டார். மூலையில் உட்கார்ந்து சிரிப்பார்.

"இது இன்னா சார் ஆட்சி? ரசம் கொதிக்கறதுக்குள்ள சர்க்கார் கவுந்துபூடுது. ஆளுறவன் அடுப்பப் பாப்பானா, உங்க கையப் பாப்பானா?"

பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய ஒரு தடிப் புத்தகம் அவரிடம் இருந்தது. முன்னட்டை இல்லை, கடைசி நாற்பது பக்கமும் இல்லை. பாக்கிப் பக்கங்களை அவர் கரைத்துக் குடித்திருந்தார். ஜனாதிபதியை ஜனங்கள் நேராகத் தேர்ந்தெடுக்க வேண்டும். கெடு முடியும்வரை அவரை யாரும் அசைக்கக் கூடாது. சட்டம் போடுகிறவன் வேறு, ஆளுகிறவன் வேறு. மந்திரிகள் மன்றத்துக்கு வெளியிலிருந்து வர வேண்டும். இதையெல்லாம் தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் இருபது நிமிஷம், பின்னால் பதினைந்து நிமிஷம் சொல்வார். கேட்டுக் கேட்டு எங்களுக்குப் புத்தி மழுங்கிவிட்டது. பதினோராவது மேனேஜரும் கவிழ்ந்த அன்று, சனியன் ஒழியட்டும் என்று எல்லோரும் அவருக்கே ஓட்டுப் போட்டோம். ஒன்பதுக்கு ஒன்பது. இந்தப் பாவத்தில் எனக்கும் ஒன்பதில் ஒரு பங்கு உண்டு.

மறுநாளே அரசியல் சட்டம் வந்துவிட்டது. இருபத்து மூன்று பிரிவு, டைப் அடித்து, நான்கு கார்பன் பிரதிகளோடு. எனக்கு நான்காவது பிரதி. அதில் ஓர் எழுத்தும் தெரியாது. கையெழுத்து மட்டும் போட்டேன். நாங்கள் எட்டுப் பேரும் மன்றம். அவர் மன்றத்தில் இல்லை. கெடு நான்கு மாதம்.

அடுத்து மந்திரி சபை. முதலில் எத்திராஜைக் கூப்பிட்டார்.

"நீதான் உணவு மந்திரி."

"நானா? சும்மா வெளையாடாத சார். நேத்து கொழம்புல உப்பு ஜாஸ்தின்னு இவங்கதான் என்னை வாங்கு வாங்குன்னு வாங்கினாங்க."

"அது நேத்து. அப்ப நீ மேனேஜருக்கு ஆளு, மேனேஜரு இவங்களுக்கு ஆளு. இனிமே உன்ன நான் ஒருத்தன்தான் கேக்கலாம்."

"அப்ப உப்பு?"

"உப்பு உன் துறை."

எத்திராஜ் அன்றே சாம்பாரில் தன் அதிகாரத்தைக் காட்டினான்.

போக்குவரத்து மந்திரி எதிர்ச் சாரியில் இருந்த சைக்கிள் கடைக்காரர். அவர் எல்லோரையும் நைனா என்று கூப்பிடுவார். அதனால் நாங்களும் அவரை நைனா என்போம். அதுவரை நல்ல மனிதர். மந்திரியான மறுநாள் சுந்தரம் பஞ்சரான சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான்.

"நைனா, நீ மன்றம். நான் சர்க்காரு. இப்படி நேரா வந்து கேக்கக் கூடாது, தப்பு" என்றார். "எழுதிக் குடு. மேல கேட்டுச் சொல்றேன்."

சுந்தரம் அன்று தபாலாபீசுக்கு நடந்தே போனான்.

சமையலறை வாசலில் சாக்பீஸால் ஒரு கோடு. மன்ற உறுப்பினர் அதைத் தாண்டினால் அதிகாரப் பிரிவினைக்குப் பங்கம். குடிக்கத் தண்ணீர் வேண்டுமானாலும் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கத்த வேண்டும். படித்த மனிதர்கள் எட்டுப் பேர், ஆளுக்கொரு டம்ளரைப் பிடித்துக்கொண்டு, "மந்திரி, தண்ணி!" என்று கத்துவதைக் கீழ்வீட்டுக்காரர்கள் படிக்கட்டில் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

நியாயமாகச் சொன்னால் முதல் ஒரு மாதம் யாரும் கவிழவில்லை. ஆனால் கவிழாத மனிதருக்கு எதுவும் காதில் விழாது. எத்திராஜுக்கு இரண்டாவது ஆட்டம் சினிமாப் பைத்தியம். உப்புமா என்றால் அரை மணியில் வேலை முடிந்துவிடும். மந்திரி சிபாரிசு, ஜனாதிபதி ஒப்புதல். நாற்பத்தோரு இரவில் இருபத்து மூன்று இரவு உப்புமா. பழைய முறையில் இரண்டாவது உப்புமாவுக்கே ஆள் அவுட் ஆகியிருப்பான். இவரோ நாங்கள் கத்தக் கத்த, தந்திக் கம்பத்தைப் போல நின்றார்.

"நாலு மாசம் கழிச்சி ஓட்டுல காட்டுங்க. அதுவரைக்கும் நான் ஜனங்களுக்குத்தான் பதில் சொல்லணும்."

"நாங்கதானய்யா ஜனங்க!" என்றான் சுந்தரம்.

"இல்ல. நீங்க மன்றம். ஓட்டுப் போடற அன்னிக்கி மட்டுந்தான் ஜனங்க."

பார்லிமெண்ட் முறையில் ஆட்சி நிற்காது, இந்த முறையில் போகாது. எனக்கு இரண்டின் மீதும் மதிப்பில்லை. ஆனால் பழைய முறையில் குடல் வெந்த அன்றே கோபத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். இதில் தேதி போட்டுக் காத்திருக்க வேண்டும்.

நவம்பரில் சுந்தரம் ஒரு சட்டம் கொண்டுவந்தான். மசோதா எண் ஆறு: இரவில் உப்புமா கூடாது. மன்றத்தில் நிறைவேறியது. ஜனாதிபதி சிவப்பு மசியில் 'திருப்பி அனுப்பப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் மறுப்பை மீற மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். எட்டில் அது ஐந்தே மூன்றில் ஒன்று. மனிதனை மூன்றாக வெட்ட முடியாததால் ஆறு. எழுந்தது ஐந்து. நான் அன்று படாளம் பக்கம் கிணறு எண்ணப் போயிருந்தேன்.

திரும்பி வந்து பார்த்தால் வீட்டில் இரண்டு பூட்டு.

அந்தக் கதையைச் சொல்ல வேண்டும். பதினொன்றாவது பிரிவில் இவர் எழுதியிருந்தார்: அரிசி ஒதுக்குவது மன்றத்தின் உரிமை, அதைப் பொங்குவது ஜனாதிபதியின் உரிமை. ரேஷன் கார்டுகளும் அரிசி டிரம்மும் எங்கள் பக்கம். அடுப்பு அவர் பக்கம். வியாழக்கிழமை காலை சுந்தரம் டிரம்மைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான். உப்புமாவை நிறுத்தினால் ஒழிய மன்றம் ஒரு மணி அரிசிகூடத் தராது என்றான். ஜனாதிபதி உடனே சமையலறையைப் பூட்டிவிட்டார். ஒதுக்கீடு இல்லாமல் அடுப்பு எரிந்தால் சட்ட விரோதமாம். இரண்டு பூட்டுக்கும் நடுவே ஆறு அடி. இந்த மாதிரி முட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பது அந்தக் கடைசி நாற்பது பக்கத்தில் இருந்திருக்கும்.

எத்திராஜ் ஆறு அடிக்கும் நடுவில் நின்றான்.

"அரிசி இந்தாண்ட கீது, அடுப்பு அந்தாண்ட கீது. நடுவுல நான் இன்னாத்துக்கு சார் கீறேன்?"

எங்களுக்கு ஒன்றும் குடி முழுகவில்லை. ஸ்டேஷன் கடையில் பன்னும் மசால்வடையும் தின்று ஏப்பம் விட்டோம். ஜனாதிபதியால் அது முடியாது. அவருக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆகியிருந்தது. கடைச் சாப்பாடு ஒருவேளை உள்ளே போனால் இரண்டு நாள் சுருண்டு கிடப்பார். இதனாலேயே இதற்கு முன் இரண்டு ஊரில் வேலையை விட்டவர். மூன்று வருஷமாக எத்திராஜ் காரமில்லாமல், குழைய வேகவைத்துத் தனிக் கிண்ணத்தில் எடுத்து வைத்ததில்தான் செங்கல்பட்டில் அவர் உயிரோடு நடமாடிக்கொண்டிருந்தார். அது எங்கள் ஒன்பது பேருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் படியேறும்போது மேலே பேச்சுக் கேட்டது.

"சார், எங்க வூட்டுலேந்து கொணாந்த நொய் ரெண்டு ஆழாக்கு கீது. கஞ்சி வெச்சித் தரேன். குடி சார். மூஞ்சி வெளுத்துப் போய் கீது."

"மன்றம் ஒதுக்காத அரிசியத் தொட மாட்டேன்."

"மன்றத்துது இல்ல சார். என் அரிசி."

"உன் அரிசிதான். என் அடுப்புல கொதிச்சா அது சர்க்கார் கஞ்சி."

"யோவ், சாவி உன்கிட்ட கீது, பசி உனக்குத்தான் கீது, குடிச்சா எவனுக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்டா."

எத்திராஜ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தான். "மந்திரி வேலையும் வாணாம், ஒண்ணும் வாணாம். ஊருக்குப் போய் வல இழுக்கறேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்விட்டான். வியாழன் காலையிலிருந்து சனி இரவுவரை ஜனாதிபதி குடித்தது ஆறு டம்ளர் பால். மடையன் என்று அவரை நான் மனசுக்குள் எத்தனை முறை திட்டினேன் என்பதற்கு மட்டும் என்னிடம் கணக்கில்லை.

சுந்தரம் சும்மா இருப்பானா? சனிக்கிழமையே குற்றப்பத்திரிகை எழுதிவிட்டான். இவரே எழுதிய பதினேழாவது பிரிவின்படி, மன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு விழுந்தால் ஜனாதிபதி நீக்கப்படுவார். நீக்கப்பட்டவர் அன்று சூரியன் மறைவதற்குள் மெஸ்ஸை விட்டு வெளியேற வேண்டும், மறுபடி படி ஏறக் கூடாது. அந்த வயிற்றை வைத்துக்கொண்டு இந்தப் பிரிவை எழுதிய மனிதரை என்ன சொல்வது?

ஐந்து ஓட்டு சுந்தரத்தின் பையில் இருந்தது. இரண்டு பேர் பயந்தாங்கொள்ளிகள், எதையும் மாற்ற மாட்டார்கள். பாக்கி நான்.

"கெணறு சார், ஜனாதிபதி படுக்கற அந்த ஜன்னலோரக் கட்டில் இனிமே உங்களுது" என்றான் சுந்தரம். "நாலு வருஷமா ஆசைப்படறீங்கல்ல? ஒரே ஒரு ஓட்டு. பழைய மாதிரி நிம்மதியா இருக்கலாம்."

பழைய நிம்மதியின் லட்சணம் எனக்குத் தெரியும். ஆனாலும் ஜன்னல் ஜன்னல்தான்.

ஞாயிறு காலை. நீக்க வேண்டும் என்றால் சொம்பில் புளியங்கொட்டை, வேண்டாம் என்றால் மொச்சை. ரகசிய வாக்கெடுப்பு. எண்ணுவது நான். ஜனாதிபதி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். கதவோரம் அவருடைய தகரப் பெட்டி கயிறு கட்டித் தயாராக இருந்தது. மேலே குடை. சுந்தரம் குற்றப்பத்திரிகையை நீட்டினான். படித்துப் பார்த்தார்.

"மூணாவது பக்கத்துல தேதி போடலையே சுந்தரம். இது செல்லாது" என்றார்.

சுந்தரம் முகம் மாறியது. மறுபடி எழுத வேண்டுமென்றால் ஒரு நாள் தள்ளிப்போகும்.

"பேனா இல்லியா? இந்தா" என்று தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "தேதி போடு. இங்க. உன் கையெழுத்துக்குக் கீழ. இப்ப சரியாப் போச்சு."

தன்னைத் தூக்கில் போடுகிறவனுக்குக் கயிறு நீளம் பார்த்துச் சொல்கிற மனிதரைப் பார்த்து எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சொம்பு சுற்றி வந்தது. என் இரண்டு உள்ளங்கையிலும் ஒவ்வொன்று இருந்தது. போட்டேன். பிறகு சொம்பைக் கவிழ்த்து எல்லோர் முன்னாலும் எண்ணினேன். புளியங்கொட்டை ஐந்து. மொச்சை மூன்று.

சுந்தரம் தானே ஒருமுறை எண்ணினான். பிறகு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான். நான் கூரையில் ஓட்டை தேடினேன்.

ஜனாதிபதி தப்பினார். ஆனால் பூட்டு இரண்டும் அப்படியே இருந்தன. சமையல்காரனும் இல்லை. அவர் பெட்டிமேல் உட்கார்ந்து, "முறை ஜெயிச்சுது சார்" என்றார். உதடு வெள்ளைச் சுண்ணாம்பாக இருந்தது.

"எத்திராஜ் ராஜினாமாவை எழுத்துல குடுத்தானா?" என்று கேட்டேன்.

"இல்ல. வாயால சொன்னதா நீங்கதான் சொன்னீங்க."

"அப்ப அவன் இன்னும் மந்திரிதான். புதுப்பட்டினம் நம்ம மெஸ்ஸுக்கு வெளிய இருக்கு. ஜனாதிபதி வெளிநாடு போனா அங்க சாப்பிடலாமா?"

அவர் நிமிர்ந்தார். "அரசுமுறைப் பயணம். ஒம்போதாவது பிரிவு. மன்றத்தோட அனுமதி தேவையில்ல. விருந்து குடுத்தா மறுக்கக் கூடாது."

"அப்ப குடைய எடுங்க."

திருக்கழுக்குன்றம் வழியாக பஸ். பதினேழு இடத்தில் நின்றது. புதுப்பட்டினத்தில் மழை பலமாகப் பிடித்துக்கொண்டது. கடல் சாம்பல் நிறத்தில் உறுமிக்கொண்டிருந்தது. எத்திராஜின் வீட்டில் அவனுடைய மனைவி கன்னியம்மா கிழிந்த வலைக்கண்ணைப் பின்னிக்கொண்டிருந்தாள். எத்திராஜ் இவரைப் பார்த்ததும் உள்ளே போய் அடுப்பை மூட்டினான். ஓலைக் கூரை ஒழுகாத இடமாகப் பார்த்து எங்களுக்குப் பாய். அரை மணியில் குழைந்த சோறு, மோர், காரம் படாத அவித்த மீன்.

ஜனாதிபதி தட்டைப் பார்த்தார். "இது யார் அரிசி?"

"எங்க அரிசி" என்றாள் கன்னியம்மா. "துன்னு சார், பேசாத."

தின்றார். நான்கு கரண்டி சோறு. நான்காவது கரண்டியில்தான் முகத்தில் ரத்தம் வந்தது.

முழுக் கதையையும் கேட்டபோது கன்னியம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ரெண்டு பூட்டு போட்டுகினு ஒம்போது ஆம்பள பட்டினியா? எங்க கரையில ஒரு வலைக்கி இருவது பேரு. ஒருத்தன ஒருத்தன் கண்டபடி ஏசிக்கினுதான் இழுப்பானுங்க. எவனும் வலைய வுட மாட்டான்."

"அது கூட்டாட்சி முறைம்மா" என்றார் ஜனாதிபதி, பாடம் எடுக்கும் குரலில். சோறு உள்ளே போய்விட்டது என்று எனக்கு அப்போது நிச்சயமானது.

"இன்னாவோ ஒரு எழவு. எம் புருசன் வரணும்னா ரெண்டு சாவியும் அவர்கிட்ட இருக்கணும். இல்லாங்காட்டி இங்கியே கெடக்கட்டும்."

ஜனாதிபதி காலித் தட்டைத் தள்ளி வைத்தார். "இது ரெண்டு முறையிலயும் கெடையாதே சார்" என்றார் என்னிடம், மிகுந்த கவலையோடு.

"ரெண்டுலயும் உண்டு" என்றேன். "எங்க ஆபீசுல தாசில்தார் வருவார், போவார். சாவி ஹெட் கிளார்க் கிட்டத்தான்."

"நிரந்தர அரசுப் பணி!" என்று தொடையில் தட்டினார். அதோடு பிரச்சினை தீர்ந்தது. சுந்தரத்துக்கும் மசால்வடையில் நெஞ்செரிச்சல் கண்டிருந்ததால் அன்று மாலையே டிரம் சாவியைக் கொடுத்துவிட்டான். ஜனாதிபதி மிச்சமிருந்த ஒரு மாதத்தை முடித்துவிட்டு, கெடு தீர்ந்த நிமிஷத்தில் பதவியிலிருந்து இறங்கினார். அதற்குப் பிறகு மெஸ்ஸில் மேனேஜரும் இல்லை, ஜனாதிபதியும் இல்லை. எத்திராஜ் ஆண்டான். உப்புமா நிற்கவில்லை. ஜன்னலோரக் கட்டிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

அன்று திரும்பி வரும் பஸ்ஸில் எத்திராஜ் முன் சீட்டில். ஜனாதிபதி என் பக்கத்தில். வயிறு நிறைந்த மனிதர் திருக்கழுக்குன்றம் வருவதற்குள் என் தோளில் சாய்ந்து குறட்டை விட ஆரம்பித்தார். இருநூற்றுப் பதினேழு குறட்டைவரை எண்ணினேன். தோள் மரத்துப்போனது. நகரவில்லை. செங்கல்பட்டில் இறங்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"எவ்ளோ ஆச்சு சார்? அரசுமுறைப் பயணம். மன்றத்துல வெச்சி வாங்கித் தரேன்."

போக இரண்டு டிக்கெட், வர மூன்று டிக்கெட். ஒரு நாட்டின் தலைவர் வெறுங்கையோடு போகக் கூடாது என்று நான் வாங்கிய ஒரு டஜன் வாழைப்பழம். மன்றத்தில் வைத்தால், அந்த மூன்றாவது மொச்சை யார் கையிலிருந்து விழுந்தது என்று சுந்தரத்துக்குத் தெரிந்துவிடும். இவருக்கும் தெரிந்துவிடும். அது அதைவிட மோசம்.

"ஒண்ணும் ஆகல" என்றேன்.

ஆனது ஆறு ரூபாய் எழுபது காசு.